நிர்மலாவுக்குத் தொண்டை கட்டு

மார்ச் 9, செவ்வாய்

இது அக்காவின் டைரி. மைக் செட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. எந்தத் தேதியில் எந்த ஊரில் புரோகிராம், அவளுக்கு என்ன சேலை, எனக்கு என்ன சேலை என்று அக்கா முன்கூட்டியே எழுதி வைப்பாள். போன வருஷம் கட்டிய சேலையிலேயே மறுபடி போய் நின்றால் பொம்பளைகள் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். சித்திரை முடியும் வரைக்கும் எழுதிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அக்கா இறந்துபோனாள். அந்தப் பக்கத்தில் 'புரோகிராம் இல்லை, அம்மி கொத்தணும்' என்று எழுதியிருக்கிறாள்.

மீதி இடத்தில் நான் எழுதுகிறேன். அழுதால் மச்சான், "தொண்டை போயிரும், அழாத" என்கிறார். எழுதினால் தொண்டை போகாது.

பள்ளிக்கூடத்தில் எதை எழுதினாலும் முதலில் பெயரை எழுதச் சொல்வார்கள். என் பெயர் பேச்சியம்மாள். அஞ்சாவது வரை படித்தேன். அக்கா பெயர் ஒச்சம்மாள். மேடையில் அவள் நிர்மலா, நான் விமலா. பெயர் வைத்தது மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், ராஜாங்கம். ராஜாங்கம் இன்னிசைக் குழு என்றால் மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் தெரியும். எங்களால்தான் தெரியும் என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்வாள்.

நான் சின்ன வயதில் ஒரு கச்சேரியில் ஆம்பளைப் பாடகர் வரவில்லை. விளையாட்டுக்கு ஆம்பளைக் குரலில் பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் அப்படியே தூக்கி மேடையில் விட்டார். அக்கா பொம்பளை வரி, நான் ஆம்பளை வரி. ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் புருஷனும் பொண்டாட்டியும், திறந்தால் ரெண்டு பொம்பளைகள். அதற்குத்தான் கூட்டம் வந்தது. அப்புறம் அம்மன் பாட்டு கேசட் போட்டோம். அட்டையில் ரெண்டு பேர் முகமும் இருக்கும்.

தத்தனேரிச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த அன்றைக்கே மச்சான் சொன்னார். "பேச்சி, வெளியூர்ல ஒருத்தருக்கும் தெரிய வேணாம். பங்குனியும் சித்திரையும் போகட்டும். கேட்டா, நிர்மலாவுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லு."

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும் வரை கோயில் திருவிழாவில் கால் வைக்கக் கூடாது. காப்புக் கட்டிய ஊரில் எல்லைக்குள்ளேயே விடமாட்டார்கள். எங்கள் பிழைப்பே திருவிழாதான்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கவில்லை.

மார்ச் 10, புதன்

அம்மி கொத்துகிறவர் தெருவில் வந்தார். கொத்தி வைத்தேன்.

மார்ச் 14, ஞாயிறு

வேலங்குளம் புரோகிராம். அக்கா இல்லாமல் முதல் மேடை. எனக்கு ஊதாச் சேலை என்று எழுதியிருந்தாள், கட்டிக்கொண்டேன்.

அனௌன்சர் சேது அண்ணன்தான் மைக்கில் ஆரம்பித்தார். "நம்ம நிர்மலா அவர்களுக்குத் தொண்டை கட்டு! முந்தாநாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டாங்க. வாங்கிக் குடுத்தது யாருன்னு நான் சொல்லமாட்டேன். புருஷன் கீபோர்டுல நிக்கிறாரு, எனக்கெதுக்கு வம்பு!"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் சேது அண்ணன் பேசினால் சிரிப்பது பழக்கம். பழக்கத்தில் வந்துவிட்டது.

அக்கா பாட வேண்டிய வரி வந்தால் மச்சான் கீபோர்டில் புல்லாங்குழல் சத்தம் வைத்து வாசித்தார். அவள் வரிக்கு நான் எப்போதும் வலது பக்கம் திரும்பி நிற்பேன். திரும்பினேன். அங்கே மைக் ஸ்டாண்டு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தபடி நின்றேன்.

இறங்கியதும் ஒரு பெரியம்மா மடியிலிருந்து சுக்கும் மிளகும் பனங்கற்கண்டும் எடுத்துக் கொடுத்தார். "கசாயம் வச்சுக் குடு தாயி. அது கொரல அம்மன் கைவிடமாட்டா." கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி வருவது?

மார்ச் 15, திங்கள்

சுக்குப் பொட்டலத்தை அடுப்படியில் வைத்திருக்கிறேன். யார் குடிப்பது?

மாசியிலேயே அக்கா கண் மஞ்சளாக இருந்தது. சிவராத்திரிக்கு வரிசையாகப் புரோகிராம். மச்சான் கம்பவுண்டரைக் கூட்டிவந்து ஊசி போட்டார். "லைட்டு வெளிச்சத்துல மஞ்சத் தெரியாதுடி" என்று அக்கா சிரித்தாள். சிவராத்திரி முடிந்த பிறகும் ரெண்டு ஊர் பாக்கி இருந்தது. அதையும் முடித்தோம். அப்புறம் ஆஸ்பத்திரி. நான் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாக என்னிடம் சொன்னது, "அந்த மாம்பழக் கலர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கணும்டி." வேறு ஒன்றும் சொல்லவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மார்ச் 19, வெள்ளி

ஆவுடையேந்தல் விழாக் கமிட்டிக்காரர்கள் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். அவர்கள் வேன் சத்தம் கேட்டதுமே மச்சான், "பேச்சி, போட்டோ" என்றார். மாலையோடு அக்கா படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். விளக்கை ஊதி அணைத்தேன். ஊதுபத்தி வாசம் போக வேண்டும் என்று மச்சான் ஃபேனை வேகமாக வைத்தார்.

தலைவர் பெரிய மீசைக்காரர். "அம்மா எங்க?" என்றார்.

"ஊருக்குப் போயிருக்கு" என்றார் மச்சான்.

"போன வருசம் போட்ட ரெக்கார்டு டான்ஸப் பொம்பளையாளுக காறித் துப்பிட்டாளுக. இந்த வருசம் அக்கா தங்கச்சிதான் வேணும்னு ஒரே பிடி. ஜோடியா வரணும். ஒத்தையா வர்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க, வேற குழுவப் பாத்துக்கிறோம்."

"ஜோடியாத்தான் வருவாங்க."

நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஒரு வரி ஆம்பளக் கொரல்ல பேசுத்தா, கேட்போம்" என்றார். "வணக்கம் ஐயா" என்று ஆம்பளைக் குரலில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் அரிசி மூட்டைக்குப் பின்னால் கை விட்டேன். படத்தில் எறும்பு ஏறியிருந்தது.

மார்ச் 21, ஞாயிறு

பதினாறாம் நாள். வீட்டோடு செய்தோம். சாயங்காலம் புரோகிராம் இருந்ததால் காலையிலேயே முடித்துவிட்டார் மச்சான். அவர் சாப்பிடவில்லை. இலையை அப்படியே மடித்துவிட்டார். அவருக்கும் இருக்கும்.

எனக்குக் கிளிப்பச்சை என்று போட்டிருந்தாள். கட்டினேன்.

மார்ச் 24, புதன்

இன்றைக்கு ஒன்று நடந்தது. அக்கா மகள் மோகனா பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறாள். அடுத்த மாதம் பெரிய பரீட்சை. நான் முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா பாடுவது கேட்டது.

எழுந்தே விட்டேன். மடியிலிருந்த வெங்காயம் எல்லாம் தரையில் உருண்டது.

மோகனாதான். நாங்கள் ஜோடியாகப் பாடும் மழைப் பாட்டில் அக்கா ஓர் இடத்தில் மூச்சை உள்ளே இழுத்து விடுவாள், விசும்பல் மாதிரி. அது கூட அப்படியே. இவள் அதைத் தெரிந்து பாடவில்லை. கழுவிய தட்டை அடுக்கிக்கொண்டே பாடுகிறாள்.

நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவள் அந்த வரியை முடித்ததும் என் வாய் தானாக ஆம்பளை வரியை எடுத்தது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பாட்டு முழுவதும் பாடி முடித்தோம். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

திரும்பினால் மச்சான் மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கிறார்.

மார்ச் 25, வியாழன்

மச்சான் அடுப்படியில் இருந்த சுக்குப் பொட்டலத்தை எடுத்து, "இதக் கசாயம் போட்டு மோகனாவுக்குக் குடு. தொண்டைய இப்ப இருந்தே பாத்துக்கிறணும்" என்றார்.

மார்ச் 26, வெள்ளி

"பதினஞ்சு வயசுப் பிள்ளை மச்சான். பரீட்சை வருது."

"பரீட்சைய எழுதட்டும், வேணாம்னு சொன்னேனா? சாயங்காலம் போயிட்டு வந்தா ஒண்ணும் ஆகாது."

"ஜனங்க கண்டுபிடிக்காதா?"

"எங்கிட்டுக் கண்டுபிடிக்கும்? பவுடரப் போட்டு, கொண்டையப் போட்டு, பின்னாடி தள்ளி நிப்பாட்டுனா ஒச்சுதான். குரலும் அதேதான் இருக்கு. ஒம் மூஞ்சியப் பாத்தேன்ல நேத்து முந்தாநாளு. நீயே மயங்கிப்போயி நின்ன."

நான் விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"பன்னெண்டு பேரு நம்மள நம்பி இருக்கான், பேச்சி. இப்பப் பாரு, ஊருக்கு ஊரு ரெக்கார்டு டான்ஸ் வந்துருச்சு. இந்த வருசம் கைவிட்டா அடுத்த வருசம் ஒருத்தனும் கூப்பிடமாட்டான்."

அவர் சொல்வதும் நிஜம்தான். அதுதான் கஷ்டம்.

மார்ச் 28, ஞாயிறு

மாம்பழக் கலர் ஜாக்கெட்டைப் பிரித்து ரெண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தேன். மோகனா தோள் அக்கா தோளைவிடச் சின்னது. கொக்கியும் வைத்தேன். அக்கா சொன்ன கொக்கி.

ஏப்ரல் 1, வியாழன்

மருதங்காடு புரோகிராம். மோகனா நின்றாள்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பயமாக இருந்தது. காப்புக் கட்டிய ஊர், அம்மனுக்கு நேர் எதிரே மேடை. தீட்டோடு நிற்கிறோமே, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவாளோ என்று முதல் பாட்டு முழுக்க அம்மனையே பார்த்துப் பாடினேன். சேது அண்ணன், "இதோ, ஐஸ்கிரீம் கரைஞ்சு நிர்மலா வந்துட்டாங்க!" என்றார். சொல்லிவிட்டு மைக்கைக் கீழே இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் பார்க்கவில்லை.

ரெண்டாவது பாட்டில் வலது பக்கம் திரும்பினேன். மாம்பழக் கலர் சேலை. அந்தக் குரல். கண்ணை மூடினேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷம் அக்கா பாடும்போது நான் கேட்டதே இல்லை. அவள் வரி முடியும்போது என் வரியை எடுக்க வேண்டும். அதற்கு மூச்சு சேர்த்துக்கொண்டிருப்பேன். அவள் கடைசிச் சொல் மட்டும்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான் நின்றேன். கண்ணை மூடி, மூச்சு சேர்த்துக்கொண்டு, அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்று. சந்தோஷமாக இருந்தேன். மறைக்காமல் எழுதினால் அதுதான்.

வேனில் மோகனா என் தோளில் சாய்ந்துகொண்டாள். "சித்தி, மேடையில நிக்கிறப்ப அம்மா செத்த மாதிரியே இல்ல" என்றாள்.

நான் அவள் முகத்துப் பவுடரை ஈரத் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் குழந்தை முகம் வந்தது.

ஏப்ரல் 2, வெள்ளி

நேற்று எழுத மறந்தது. மேடைக்குப் பின்னால் ரெண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள்.

"நிர்மலா என்னடி இப்படி எளைச்சிருச்சு?"

"எளைச்சது கெடக்கட்டும். கழுத்தப் பாத்தியா? மொட்டையாக் கெடக்கு. புருசங்காரன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்ல."

"பாட்டுக்காரிக்கு என்னடி, கழட்டி வச்சிருப்பா."

மச்சானும் கேட்டார். திரும்பி வரும்போது வேன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 4, ஞாயிறு

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து எதிரே உட்கார்ந்தார். வழக்கமாக அடுப்படியில் உட்காரமாட்டார்.

"வருசம் திரும்பட்டும் பேச்சி. அப்புறம் நம்மளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம். ஊர்ல உலகத்துல நடக்காததா? கொழுந்தியாளக் கட்டுறது ஒண்ணும் புதுசு இல்ல. பிள்ளைக்கும் ஆத்தா வேணும்."

நான் துருவிக்கொண்டே இருந்தேன்.

"ஒனக்கும் வேற எங்க போக்கிடம் இருக்கு?"

அது ஏன் இல்லையென்று அவருக்குத் தெரியும். மேலூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள், எனக்கு இருபது வயதிருக்கும்போது. மச்சான், "ஜோடியப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் பாட்டு இல்ல" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அக்காவும் வேண்டாம் என்றாள். அவளால் என்னை விட்டு இருக்க முடியாது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன். அடுத்து ரெண்டு பேர் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

விரலையும் சேர்த்துத் துருவிவிட்டேன். தேங்காயில் ரத்தம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேறு தேங்காய் உடைத்தேன்.

ஏப்ரல் 6, செவ்வாய்

விரல் வீங்கியிருக்கிறது. துணி துவைக்க முடியவில்லை. மோகனா துவைத்தாள். தமிழ்ப் பரீட்சை நன்றாக எழுதினாளாம்.

ஏப்ரல் 9, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையேந்தல். மறுநாள் திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. மோகனாவுக்குக் கணக்கு வராது. ராத்திரி வந்து தூங்கி எழுந்து எப்படி எழுதுவாள் என்று மச்சானிடம் கேட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பீரோவைத் திறந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். பிரித்தார்.

அக்கா தாலி. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தார்களே, அது. மஞ்சள் கயிறு கூட மாறவில்லை.

"ஆவுடையேந்தல்ல பொம்பளையாளுக கூட்டம் ஜாஸ்தி. கழுத்தத்தான் மொதல்ல பாப்பாளுக. மேடைக்கு மட்டும் மோகனாவுக்குப் போட்டுவிடு. எறங்குனதும் கழட்டிரு."

"நீங்க கட்டுன தாலி மச்சான். அது ஒங்க மக."

"நாடகத்துல போடுறதில்லையா? அதுமாதிரின்னு நெனச்சுக்க."

"வேணாம் மச்சான்."

அவர் முடிச்சைக் கட்டினார். மறுபடி பிரித்தார். "அப்ப ஒண்ணு செய்யி. நீ போட்டுக்க. நாளைக்கே வேணாலும் வீட்டோட போட்டுக்க. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், ரெண்டு கொரல்லயும் நீயே பாடு. நான் வேணாங்கல. ஒண்ணு அது போடணும், இல்ல நீ போடணும். எது தோதுன்னு நீயே பாத்துக்க."

முடிச்சை மேக்கப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனார். பவுடர் டப்பாவுக்கும் சாந்துப் பொட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஏப்ரல் 10, சனி

பெட்டியைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 12, திங்கள்

மோகனா பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கணக்குப் பரீட்சை நடக்கிறது. வீட்டுக்குப் போகப் பயமாக இருப்பதால் அவள் வருகிற வரைக்கும் இங்கேதான்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஆவுடையேந்தலில் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். ஏழு மணிக்கெல்லாம் கூட்டம் நிறைந்துவிட்டது. முன்னால் பாய் விரித்துப் பொம்பளைகளும் பிள்ளைகளும். மேடைக்குப் பின்னால் தென்னங்கீற்று மறைப்புக்குள் மோகனாவுக்குச் சேலை கட்டிவிட்டேன். மச்சான் வெளியே நின்று, "ஆச்சா?" என்றார். "பெட்டியில இருக்கிறதையும் போட்டு விட்டியா?"

மோகனா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"சித்தி, இது அம்மாது."

"ஆமா."

"அப்பா கட்டுனதுல்ல சித்தி இது? நான் எப்பிடிப் போட்டுக்கிறது?" சத்தம் வராமல் அழுதாள். மை கரையக் கூடாது என்று மேலே பார்த்து அழுதாள். அந்த மாதிரி அழ அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நானும் அக்காவும் அப்படித்தான் அழுவோம்.

"ஆச்சா, பேச்சி?" என்று மறுபடியும் மச்சான்.

சேது அண்ணன் மேடையில், "நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த அக்கா தங்கை" என்று இழுத்துக்கொண்டிருந்தார். நான் முடிச்சை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். மோகனாவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக மேடைக்குப் போனேன். கைதட்டினார்கள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். மச்சான் கீபோர்டுக்கு ஓடிவந்து அம்மன் பாட்டுக்கு எடுத்துக் கொடுத்தார். நான் பாடவில்லை. ரெண்டாவது தடவை எடுத்துக் கொடுத்தார்.

நான் மேடையில் எப்போதும் ஆம்பளைக் குரலில்தான் பேசுவேன். வணக்கம் சொல்வதும் அப்படித்தான். என் சொந்தக் குரல் மைக்கில் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. மெலிசாக இருந்தது. யாரோ பேசுவது மாதிரி.

"நிர்மலா வரமாட்டா" என்றேன். "எங்கக்கா செத்துப்போச்சு. போன மாசம் செத்துப்போச்சு. தொண்டை கட்டுன்னு சொன்னது பொய். உள்ள நிக்கிறது அவ மக. பதினஞ்சு வயசு. நாளைக்கி அதுக்குக் கணக்குப் பரீட்சை. எங்கள விட்டுருங்க. ஆத்தா எல்லைக்குள்ள தீட்டோட வந்துட்டோம். பிள்ளைய ஒண்ணும் செஞ்சுற வேணாம்னு அவகிட்டச் சொல்லுங்க."

கீபோர்டு நின்றது. ட்ரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டார், அந்தச் சத்தம் கேட்டது.

அப்புறம் ஜனம் பின்னால் போக ஆரம்பித்தது. யாரும் ஓடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார்கள். மேடைக்கு முன்னால் மண் தரை மட்டும் தெரிந்தது. பூசாரி கோயில் வாசலில் நின்று கத்தினார். மீசைக்காரத் தலைவர் ஓடிவந்தவர் மேடையில் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டார். "அம்மா, இப்படிப் பண்ணிட்டீகளே. காப்புக் கட்டியிருக்குதும்மா" என்றார். அதட்டத்தான் வந்தார். அதட்டல் வரவில்லை.

மோகனா வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். மேடையை விட்டு இறங்கினோம். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கத்துக் கூட்டம் விலகியது. அப்போது கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். என் வயது இருக்கும். எங்களுக்கு நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டாள்.

"தாயி" என்றாள். "தொடக் கூடாது தாயி. காப்புக் கட்டியிருக்கு, கிட்ட வரமுடியாது. நீ அங்கனயே நின்னு அழுதுக்க. நாங்க இங்கிட்டு நிக்கிறோம்."

அவளுக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் வந்து நின்றார்கள். அப்புறம் எண்ண முடியவில்லை. சுற்றிலும் பொம்பளைகள், நடுவில் நாங்கள் ரெண்டு பேர். ஒருத்தி, "எங்க வீட்டுல இன்னமும் அது கேசட்டுத்தான்டி ஓடுது" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா செத்ததற்கு யாரும் என்னிடம் வந்து துக்கம் கேட்கவில்லை. கேட்க விடவில்லை. இவர்கள் கேட்டார்கள்.

தொண்டை போனால் போகட்டும் என்று அழுதேன்.

ஏப்ரல் 13, செவ்வாய்

ஞாயிறு ராத்திரி வேனில் மச்சான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், ஊர் வரும் வரை திரும்பவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "பன்னெண்டு பேரு வயித்துல அடிச்சிட்ட" என்றார். அவ்வளவுதான். அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. தபேலாக்காரருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

ஏப்ரல் 16, வெள்ளி

மூன்று ஊர்க்காரர்கள் வந்து புரோகிராம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது ஊர்க்காரர் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தார், செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார். மோகனா அக்கா படத்தைச் சுவரில் மறுபடி மாட்டியிருக்கிறாள். இடுப்பில் நான் வைத்திருந்த தாலி முடிச்சை அவளிடம் கொடுத்தேன். படத்தின் ஆணியிலேயே தொங்கவிட்டாள். மச்சான் வந்து பார்த்தார். கையை அதன் பக்கம் கொண்டுபோனார், தொடவில்லை. "ஒச்சு" என்றார். மாடிக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிட வரவில்லை.

என்னிடம் பேசுவதில்லை. நான் சோறு வைத்தால் சாப்பிடுகிறார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வருஷம் திரும்பினால் என்ன சொல்வார் என்று தெரியாது.

ஏப்ரல் 20, செவ்வாய்

சேது அண்ணன் வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

"காரைக்குடியில ஒரு குழு இருக்கு பேச்சி. வருசம் திரும்புனதும் வரச் சொல்றான். ஒன்னயப் பத்தி ஊரெல்லாம் பேச்சாக் கெடக்கு, தெரியும்ல?"

"ஆம்பளக் கொரலா, பொம்பளக் கொரலா?"

"அதெல்லாம் கேட்கல. மைக்கு முன்னாடி வாயத் தெறந்தா கூட்டம் கலைஞ்சிருமான்னு மட்டும் கேட்டான்" என்றார். ஆவுடையேந்தலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. மோகனாவைப் பதினொன்றாவதில் சேர்க்க வேண்டும். அவளை விட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு போக அவர் விடமாட்டார். பார்ப்போம் என்றேன். கணக்கில் பாஸாகிவிடுவேன் என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 23, வெள்ளி

இன்றைய பக்கத்தில் அக்கா எழுதியிருப்பது: 'புரோகிராம் இல்லை. சீயக்காய் அரைக்கணும். பேச்சிக்கும் மோகனாவுக்கும் எண்ணெய் தேச்சு விடணும்.'

சீயக்காய் அரைத்தேன். அம்மியை நன்றாகக் கொத்தியிருக்கிறார், சீக்கிரம் மசிந்தது. பின்கட்டில் வைத்து மோகனாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். முடி அக்கா முடி மாதிரி அடர்த்தி, எண்ணெய் நிறையக் குடிக்கிறது. அப்புறம் அவள் என்னை மணையில் உட்கார வைத்துத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே மழைப் பாட்டை எடுத்தாள். முதல் வரி, ரெண்டாவது வரி, அந்த மூச்சு இழுக்கிற இடம்.

அவள் வரி முடிந்தது. என் வரிக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன சித்தி, மறந்துபோச்சா?"

"இல்ல. நீ பாடு."

அடுத்த வரியையும் அவளே பாடினாள். கண்ணில் எண்ணெய் இறங்கியது. துடைக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.